பேரம் பேசிய மருமகள்

செஞ்சி,
11-6-1965

அன்புள்ள மாமாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். உங்கள் அம்மாவை நேற்றுப் பொழுது சாயும் முன் எடுத்துவிட்டோம். கொள்ளி வைத்தது உங்கள் சித்தப்பா மகன்.

என்னைப் பற்றி ஊரில் யாராவது உங்களுக்கு எழுதுவார்கள். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கட்டை, பாடை, மேளம், பூப்பல்லக்கு எல்லாம் சேர்த்து எண்பது ரூபாய் என்றார் விறகுக் கடைக்காரர்.

"ஒவ்வொண்ணும் இன்னா விலை? தனித்தனியா சொல்லுங்க" என்றேன்.

"சாவு சாமானுக்கு யாராச்சும் பேரம் பேசுவாங்களாம்மா?"

யாரும் பேசமாட்டார்கள் என்று தெரிந்துதானே அந்த விலை சொல்கிறார்? கடைவீதியே திரும்பிப் பார்த்தது. நான் நகரவில்லை. பல்லக்கு வேண்டாம், மூங்கில் பாடை போதும் என்று நின்று ஐம்பதுக்கு முடித்தேன். "மாமியார் சாவுலயும் கணக்குப் பாக்குறா" என்று பின்னால் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

உறவெல்லாம் இன்று காலையே கிளம்பிவிட்டது. வீட்டில் நான் மட்டும்.

கம்மலை அடகு வைத்து வாங்கிய எண்பதில் மிச்சம் முப்பதை உங்களுக்கு மணியார்டர் செய்திருக்கிறேன். பம்பாயிலிருந்து வர அது போதுமாம், விசாரித்துவிட்டேன். நாலு வருஷமாக, கையில் காசில்லை, அதனால்தான் வரவில்லை என்று எழுதுகிறீர்கள்.

கருமாதிக்கு இன்னும் பதினாலு நாள் இருக்கிறது. வரவில்லையென்றால், இந்த முறை வேறு காரணம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி