நெருப்பில்தான் கழலும் என்றேன்

என் சிரிப்புக்கார அப்பாவுக்கு,

இன்று காலை ஓசூரில் நல்ல பனி. பல் செய்யும் எங்கள் லேப்புக்கு வரும் வழியில் தளிக்குப் போகும் பஸ் ஒன்று விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போனது. கண்டக்டர் பையோடு நீங்கள் படியில் நின்று, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஊர்ப்பெயர்களைக் கூவுவது போலவே இருந்தது. கொஞ்ச தூரம் அதன் பின்னாலேயே நடந்தேன், தெரியுமா?

உங்களுக்குப் பால் தெளிக்கச் சுடுகாட்டுக்குப் போன அன்று தம்பி ஒரு சின்ன உலோகத் துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தான். "சாம்பல்ல கெடந்துச்சுக்கா, என்னன்னே தெரியல" என்றான். எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் பிரேக் அடித்ததில் கம்பியில் மோதி உங்கள் முன்பல் போனதே, அதற்கு நான் செய்த பிரிட்ஜ், அந்தக் கட்டுப்பல். உலோகம் அப்படியே இருந்தது. அதன் மேல் நான் ஒட்டியிருந்த பல் நிற ரெசின் முழுக்க எரிந்துபோயிருந்தது.

பல் போனபின் வாயைத் துண்டால் மறைத்துக்கொண்டுதான் டிக்கெட் கொடுத்தீர்கள். பஸ்ஸில் உங்கள் நக்கல் நையாண்டி எல்லாம் நின்றுபோனது. பிரிட்ஜ் மாட்டிய அன்று கண்ணாடியை விட்டு நகரவே இல்லை.

"ஏம்மா, பலமா சிரிச்சா கழண்டுக்குமா?"

"நெருப்புல போட்டாத்தாம்பா கழலும். தைரியமா சிரிங்க."

லேப்பில் பழைய ரெசினைச் சுட்டு எடுப்போம், அந்த நினைப்பில் சொன்னது. ஏன்ப்பா அந்த வார்த்தை என் வாயில் வந்தது? நீங்கள் வேறு அதைப் பஸ்ஸில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

நாளை அஸ்தியோடு ஒகேனக்கல் போகிறோம். இந்தத் துண்டையும் ஆற்றில் விட்டுவிடலாம் என்றான் தம்பி. அம்மா அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இப்படியேவா அனுப்புவ? அங்கயும் போயி வாயப் பொத்திக்கினு நிப்பாரு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால்தான் யாரும் வருமுன் வந்து உட்கார்ந்தேன். காற்றோடு மணலைப் பீய்ச்சிக் கரியை எடுத்தேன். உலோகம் மங்கலாக, சொரசொரப்பாக ஆனது. அதன்பின் அதில் விரல் படக் கூடாது, எண்ணெய்ப் பசை ஒட்டினால் ரெசின் பிடிக்காது. கண்ணீரும் படக் கூடாது என்று முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டேன். ரெசின் ஒட்டிப் பிடிக்கப் பிரைமர் தடவினேன். கருமை தெரியாமலிருக்க வெள்ளைப் பூச்சு, அதன் மேல் ரெசின். புதுப் பல்லாகத் தெரியக் கூடாது என்று நீங்கள் கேட்டு வாங்கிய டீக்கறையையும் மறக்கவில்லை. நீல விளக்கில் அது இறுகும்போது அறை முழுக்கத் தண்ணீருக்குள் இருப்பது போல இருந்தது. வெளியே எங்கோ ஒரு விசில் கேட்டது. நீங்கள்தானா?

நாளை என் கையாலேயே அதை ஆற்றில் விடுகிறேன். இனி யார் கேட்டாலும் நெருப்புப் பேச்சை எடுக்க மாட்டேன், இது சத்தியம். இந்த முறை வெறும் தண்ணீர்தான் அப்பா. கழலாது. பலமாகவே சிரியுங்கள்.

உங்களுக்குப் பல் கட்டிய
மூத்த மகள்