படிக்காமல் போட்ட கையெழுத்து

என்னங்க,

அக்கா வீட்டில் இருக்கிறேன். சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் மருத்துவமனைக்காக மருந்தளவைக் கணக்கிடும் புரோகிராமை நீங்கள் ஏஐயை விட்டு எழுத வைத்தீர்கள். அதைச் சரிபார்க்கும் சோதனைகளையும் அதுவே எழுதியது. "நீங்க படிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "எல்லாம் பாஸ் ஆகுது, விடேன்" என்றீர்கள். சோதித்தவள் என்று கையெழுத்துப் போட நான் மறுத்ததும், என் இடத்தில் நீங்களே போட்டு அனுப்பிவிட்டீர்கள்.

நேற்று அங்கிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "எட்டு கிலோ குழந்தைக்கு இவ்வளவு மருந்தா? இத என் வீட்டுக்காரருக்கே குடுக்க மாட்டேன்மா."

நல்லவேளை, அவர் கொடுக்கவில்லை. எடையால் ஒருமுறை பெருக்க வேண்டிய இடத்தில் இருமுறை பெருக்கியிருக்கிறது. பத்து நிமிடம் படித்திருந்தால் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நீங்களோ, "அதான் ஒண்ணும் ஆகலையே" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பெட்டியை எடுத்தேன்.

கல்யாணத்துக்கு முன்பு நீங்கள் எழுதிய புரோகிராமைச் சோதிக்க என்னிடம் கொடுத்தார்கள். மூன்று நாள் தேடியும் ஒரு பிழைகூடக் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில்தான் உங்களைக் கவனிக்கவே ஆரம்பித்தேன்.

மருத்துவமனையில் சொல்லி அந்த மருந்தளவு புரோகிராமை நிறுத்தச் செய்துவிட்டேன். முழுவதையும் வரிவரியாகப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். ஏஐயைப் படிக்கச் சொல்லிவிட்டுக் கூப்பிடாதீர்கள், எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் மனைவி