பளபளத்த டயர்

நம் ஜோவியாவின் அப்பாவுக்கு,

வளைவில் பைக்கைச் சரியாகத்தானே சாய்த்தேன், மழைகூட இல்லையே, பின்சக்கரம் ஏன் வழுக்கியது? நேற்று நான் விழுந்ததற்கு நீங்கள் கத்தும்போது எனக்குள் இது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் டயரைத் தொட்டேன். நடுவில் சுத்தமாக இருந்தது. ஓரத்தைத் தொட்ட விரலெல்லாம் கறுப்புப் பாலிஷ். சர்ச்சுக்குப் போகும்போது மின்ன வேண்டும் என்று டயர் முழுக்கப் பூசியிருக்கிறீர்கள். நேராக ஓடியதில் நடுவில் இருந்தது போய்விட்டது. வளைவில் சாய்ந்ததும் ஓரம் வழுக்கிவிட்டது.

ஆசையாகத்தான் பூசினீர்கள், தெரியும். ஆனால் கபாலே பைக் டாக்ஸி ஸ்டாண்டே சிரிக்க, "பொம்பளைக்கு வளைவு வராதுடி, வண்டிய தம்பி முகிஷாகிட்ட குடுத்துடு" என்று சொன்னீர்களே, முழங்கால் காயத்தைவிட அதுதான் எரிகிறது.

மணலும் சோப்பும் போட்டு டயரைத் தேய்த்துவிட்டேன். வாழையிலைக்குள் மத்தோக்கே, வாழைக்காய் மசியல், சூடாக இருக்கிறது. பீன்ஸ் சட்டியில். முகிஷா வந்தால் சாப்பிடச் சொல்லுங்கள், பாவம், உங்கள் தம்பி அவ்வளவு தூரம் நடந்து வருவார்.

கெமிகிஷா

பி.கு.: பாலிஷ் டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறேன். உங்கள் செருப்புக்கு வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன்.

இன்னொன்று: முகிஷாவுக்காகச் சாவியை ஆணியில் மாட்டச் சொன்னீர்கள். மாட்டவில்லை. சவாரிக்குப் போகிறேன், அதே வளைவு வழியாக.