பேவட்டுல தண்ணி

ஜூன் 3
செவ்வந்தி எழுந்ததும், "பேவட்டுல தண்ணி வந்துட்டா?" என்று கேட்டாள். என்ன என்றேன். மறுபடியும் அதையே கேட்டாள். பக்கவாதம் வந்து நாற்பது நாள் ஆகிறது. முதலில் பேச்சே இல்லை. இப்போது பேச்சு வந்திருக்கிறது, ஆனால் பாதிச் சொல் எந்த ஊர்ச் சொல்லோ. முப்பத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணியவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஜூன் 5
ஓசூரிலிருந்து மகன் சேரன் பேசினான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், மடத்தனம்.

"அம்மாவுக்குப் புத்தி போயிடுச்சுப்பா. திருச்சியில ஒரு இல்லம் இருக்கு, நல்லா பாத்துக்குவாங்க. இருபத்திரெண்டாம் தேதி கார் எடுத்துட்டு வரேன்."

சரி என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்? தெரியவில்லை. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

ஜூன் 10
தஞ்சாவூர் போய் வந்தோம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஹுமைரா என்ற பெண் ஒரு மரப்பெட்டியைக் காட்டி, "இதுக்குப் பேரு சூமடு" என்றது. அப்படி ஒரு சொல்லே கிடையாது, அந்தப் பெண் இட்டுக்கட்டியது. உள்ளே பந்தைப் போட்டு, பந்து எங்கே என்று கேட்டது.

"சூமட்டுல" என்றாள் செவ்வந்தி.

அடுத்து ஒரு தட்டுக்குத் தோகிளம் என்று பேர் வைத்தது. "தோகிளத்துல." தடுமாறவே இல்லை.

"பாத்தீங்களா? டு-ன்னு முடிஞ்சா ட்டு, ம்-முன்னு முடிஞ்சா த்து. சத்தத்த வச்சே ஒட்டுறாங்க. இத நமக்கு யாரும் சொல்லித்தரல. அவங்களுக்கும் அது போகல."

வீட்டுல, மரத்துல. அறுபது வருஷமாக நானும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேனா?

அப்படியானால் புத்தி இருக்கிறதா என்றேன். "இத வச்சு அதச் சொல்ல முடியாதுங்க" என்றது. பிறகு எதற்கு இந்தப் பரீட்சை? நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் அரை மணி நேரம் நின்றது. ஒன்றும் விளங்கவில்லை.

ஜூன் 14
அவள் சொல்லும் சொற்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். இன்று ஏழு. எதுவும் புரியவில்லை, அந்த ட்டு, த்து ஒட்டு மட்டும் ஒன்றுகூடத் தப்பவில்லை. வெறும் நாக்குப் பழக்கமா? உள்ளே இருக்கிறாளா, இல்லையா? கோபமாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஜூன் 20
ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதாகப் பேச்சு. போய்ப் பார்க்கவில்லை.

ஜூன் 21
அவள் சேலைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். வலது கை வராது, இடது கையால் என் சட்டையைப் பிடித்தாள்.

"கிவளத்துல என்னைய விட்டுடாதீங்க."

கிவளம். நோட்டில் இல்லாத சொல். எது என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அன்னிக்குப் போன்ல கேட்டதெல்லாம் தெரிஞ்சே பதினாறு நாளா படுத்திருந்திருக்கா — நான் பக்கத்துல உக்காந்து நோட்டு எழுதிட்டிருந்தேன். பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். சேரனுக்குப் போன் போட்டு, "கார் வேண்டாம்டா, நீ மட்டும் வா" என்றேன்.

ஜூன் 22
சேரன் வந்தான். சாப்பிடாமல் போனான்.

ஜூன் 25
காலையில் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்தேன். செருப்பைக் கழற்றும்போதே, பேவட்டுல தண்ணி வந்துட்டா என்று அந்தப் பழைய கேள்வியையே கேட்டாள்.

"பேவட்டுல வந்துட்டு. முட்டியளவு ஓடுது" என்றேன்.

"மொதல்ல வடக்கு வயலுக்கு வுடுங்க" என்றாள்.