யார் என்ற கட்டம்

மார்ச் 3, ஞாயிறு

முன்னறையில் இருந்தவர்கள்: அவர், நான், மூத்தவன், மருமகள், சின்னவள். அலமாரியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சாமியையும் சேர்த்தால் ஆறு.

மூத்தவன், நான் எழுதிவரும் கார் நோட்டை மேசைமேல் விரித்தான். தேதி, கிலோமீட்டர், போன இடம், சேதம், யார் — ஐந்து கட்டம்.

“நாலு மாசத்துல மூணு இடி, அப்பா. மூணுலயும் உங்க பேர்தான். நாளைக்கு ஒரு குழந்தை குறுக்க வந்தா?”

“நான் எதையும் இடிக்கலையேடா.”

“அம்மா எழுதி வச்சிருக்காங்களே.”

மருமகள் சிரித்தாள். “விடுங்க மாமா. இனிமே பின் சீட்ல மகாராஜா மாதிரி வாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

“இவ எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று சாவியை மேசைமேல் வைத்தார். சின்னவள் எடுத்துக்கொண்டாள்.

மார்ச் 4

மூன்றும் சின்னவள் இடித்தது. லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம்தான். ஒரு கீறல் விழுந்தாலும் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று அவர் சொல்லியிருந்தார். கார் இல்லாமல் விடியற்காலை ஷிப்டுக்கு அவளால் போக முடியாது. மூன்றும் பின்பக்க பம்பரில், கீழே. குனிந்து பார்க்க அவருக்கு இடுப்பு வளையாது.

நோட்டில் எழுதாமல் விட எனக்கு வராது. கட்டத்தைக் காலியாக விடவும் வராது. “அப்பா பேரைப் போடும்மா, அவர் இதைத் திறக்கவே மாட்டார்” என்றாள். போட்டேன். அவர் திறக்கவில்லைதான். இன்சூரன்ஸுக்காக மூத்தவன் திறந்தான்.

மார்ச் 9

காலையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். “மருந்துக் கடைத் தூண்ல இடிச்சேன்னு இருக்கு. எனக்கு அந்தத் தூணே ஞாபகம் இல்லடி.”

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணீருக்கு அது போதுமான காரணம்.

நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சட்டை நனைந்திருந்தது.

“நம்ம வண்டியோட சிவப்பு ஒட்டியிருக்கு. அப்போ நான்தான்.”

மார்ச் 17

அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று சின்னவளிடம் கேட்டேன். “சொன்னா என் வேலை போச்சும்மா. அவருக்கு எழுபத்தொண்ணு. என்னைக்காவது நிறுத்தித்தானே ஆகணும்?”

நியாயம் மாதிரியே இருந்தது. எனக்கும் அப்படித் தோன்றியதே — அதை எங்கே போய்ச் சொல்வது?

மார்ச் 18

பிரார்த்தனையில் உட்கார்ந்தேன். பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

மார்ச் 26

அவர் தெருவுக்குக்கூட இறங்குவதில்லை. ரோட்டைக் கடக்கப் பயமாம். இன்று பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

“சாப்பிட்டேனா, குளிச்சேனா, மாத்திரை போட்டேனான்னு இதுல எழுதி வை. என்னை நம்ப முடியல. உன் கணக்கு தப்பாது.”

கோடு போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்வேன்? பள்ளிக்கூடம் போகாதவள், எழுத்துக் கூட்டி நானே கற்றுக்கொண்டேன். நாற்பது வருடமாக ஊரெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டவர் அவர். நான் பொய் எழுதினேன் என்றால் அந்த நாற்பது வருடமும் அவருக்கு என்ன ஆகும்? பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டேன். என்னையும்தானே.

ஏப்ரல் 2, செவ்வாய்

சின்னவள் ஓட்டிப்போன கார் முன் விளக்கு உடைந்து வந்தது. ஒரு சைக்கிள்காரரைத் தட்டிவிட்டாளாம்.

“இறங்கிப் பார்த்தியா?”

“கண்ணாடில பார்த்தேன். எழுந்துட்டார்.”

கை கழுவிக்கொண்டே சொன்னாள்: “அப்பா சாவியைத் தேடி எடுத்துட்டுப் போயிட்டார்னு எழுதிடும்மா. நீ எழுதினா அவரே நம்பிடுவார்.”

உள்ளே அவர் கூப்பிட்டுக் கேட்டார்: “நான் காலையில குளிச்சேனா?”

குளித்திருந்தார். அதை மட்டும் உண்மையாகச் சொன்னேன்.

தேதி எழுதினேன். கிலோமீட்டர் எழுதினேன். போன இடம் எழுதினேன். சேதம் எழுதினேன். முதல்முறையாக ‘யார்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, நோட்டை அவள் கைப்பைமேல் வைத்தேன். உள்ளே ஒரு சீட்டு:

‘இதை உன் கையால் நிரப்பு. மேலே உள்ள மூன்றையும் திருத்து. செய்யாவிட்டால் உன் அண்ணன் முன்னால், அப்பா முன்னால் நானே திருத்துவேன். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்.’