நீங்கள் கேட்காத வீடு

அக்கா,

இன்று மதியம் அலுவலக மாடிப்படியில் நெத்திலி வறுக்கும் வாசனை. கீழ்வீட்டுக்குப் புதிதாக யாரோ குடிவந்திருக்கிறார்கள். சாந்தோமில் வேலை பார்ப்பவளுக்கு இது புதிய வாசனை அல்ல. ஆனாலும் வாசித்துக்கொண்டிருந்த கோப்பை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

வீடிழந்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் வழக்கு நடத்தும் எங்கள் அலுவலகத்துக்கு நீங்கள் முதல்முறை வந்தபோது, மீன்கூடையை வெளியே வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி உள்ளே வந்தீர்கள். கரையோரம் உங்கள் வீட்டு வரிசையை இடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதிகாரிகள் கணக்கெடுக்க வந்த அன்று நீங்கள் ஏலத்தில் மீன் எடுக்கப் போயிருந்தீர்கள். அதனால் மாற்று வீட்டுக்கான பட்டியலில் உங்கள் பெயர் இல்லை.

"உங்களுக்கு என்ன வேணும்க்கா?" என்று கேட்டேன்.

"நான் இங்கியே இருக்கணும். அத்த எழுதிக்கோ."

"அது கஷ்டம்க்கா. வீடு கேட்டா கிடைக்கும்."

"வீடு நானா கேட்டேன்?"

ஆனாலும் கையெழுத்துப் போட்டீர்கள். வெளியே மீன் வெயிலில் இருந்தது, உங்களுக்கு அவசரம். எனக்கு ஜெயிக்கக்கூடிய ஒரு மனு தேவைப்பட்டது.

ஜெயித்தோம். நகரத்தின் விளிம்பில், அடுக்குமாடிக் குடியிருப்பில், மூன்றாம் மாடி. தீர்ப்பு வந்த அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்கு ஃபோனில் சொன்னபோது "சரி" என்று மட்டும் சொன்னீர்கள்.

சில மாதம் கழித்து உங்களைப் பார்க்க வந்தேன். குழாயில் தண்ணீர் வந்தது. ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தீர்கள். டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தீர்கள்.

"வூடு நல்லாத்தான் கீது வக்கீலம்மா. மீனுக்கு எங்க போறது?"

ரெண்டு பஸ் மாறிக் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிடுகிறது, கூடையோடு திரும்பினால் கண்டக்டர் ஏற்றுவதில்லை என்றீர்கள். வாடிக்கை வீடுகள் வேறொருத்தியிடம் வாங்கத் தொடங்கிவிட்டன. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தீர்கள்.

"நான் சொன்னது ஒண்ணு. நீ எழுதினது ஒண்ணு" என்றீர்கள். குரலில் கோபமில்லை. டீ நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

போன மழைக்காலத்தில் உங்கள் தங்கை ஃபோன் செய்தார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். நான் வந்தபோது, வீட்டில் கிடத்தியிருந்த உங்களைக் கடைசியாகக் குறுகலான படிகளில் திருப்பித் திருப்பி இறக்கிக்கொண்டிருந்தார்கள். "அக்கா உங்களப் பத்தி நல்லாத்தான் சொல்லும்" என்றார் தங்கை. தப்பாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் மூடி வைத்த கோப்பு, அடையாற்றங்கரையில் இட்லி விற்கும் ஓர் அம்மாவுடையது. அவர் வீட்டுக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. அங்கேயே இருக்க வேண்டும் என்கிறார். அதையே முதல் கோரிக்கையாக எழுதினேன். மனு பலவீனமாகிவிடும் என்று எங்கள் சீனியர் எச்சரித்தார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். தோற்றுப்போகலாம் என்பதை அந்த அம்மாவிடமும் மறைக்கவில்லை. கையெழுத்து வாங்குமுன் மனுவை முழுக்கத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

கடைசிவரை கேட்டுவிட்டு, "ஆமா, இத்தத்தான் சொன்னேன்" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.