முத்தம்மா வீடு திரும்பாத கதை

என் பக்கத்து நிரையிலேயே காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்த சரசுவுக்கு,

உன் நிரையைக் கங்காணி ஒரு புதுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். நல்ல பிள்ளைதான், கை வேகம். ஆனால் வாயைத் திறப்பதே இல்லை. உன்னோடு பேசிப் பேசியே பொழுதைக் கழித்த எனக்கு இது பெரிய தண்டனை. பேச்சு குறைந்ததால் என் கொழுந்து கூடியிருக்கிறது என்று கங்காணிக்கு ஒரே சந்தோஷம்.

இங்கே வேறு செய்தி என்றால், ஹாலிஎலவில் ஒரு கடைக்காரர் டெலிவிஷன் வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து இளவட்டங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள். நானும் ஒருநாள் போனேன். ஏதோ சிரிப்பு நாடகம், என்ன பாஷை என்றுகூடப் புரியவில்லை. ஒரு வேலைக்காரி தட்டோடு வந்தாள், வைத்தாள், போனாள். எல்லோரும் நடுவில் இருந்த பெரிய மனிதரைப் பார்த்துச் சிரிக்க, நான் அவள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பழக்கம் உன்னால் வந்ததுதான்.

உனக்கு நினைவிருக்கும். அந்த நாளில் நம் தோட்டத்து லயத்து வீடுகளில் ரேடியோ இருந்தது என்னிடம் மட்டும்தான். ஃபெக்டரியில் வேலை செய்த என் வீட்டுக்காரர் பதுளையில் வாங்கி வந்தது. ஞாயிறு சாயங்காலம் அந்தக் கொழும்பு வீட்டு நாடகம் வரும். ஐயாவும் அம்மாவும் சண்டை பிடிப்பார்கள், அம்மாவின் தம்பி வந்து இன்னும் குழப்புவார். நீ உன் மகள் ராணியைக் கையில் பிடித்துக்கொண்டு மேல் லயத்திலிருந்து இறங்கி வருவாய். திங்கட்கிழமை மலையில் ஏறியதும் பெண்கள் கேட்க, நீ குரல் மாற்றி மாற்றி நாடகம் முழுவதையும் சொல்வாய். ரேடியோவைக் கேட்காத அத்தனை பேருக்கும் நீதான் ரேடியோ. உண்மைதானா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டுவேன்.

முதலில் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாய். நாடகத்தில் பால்காரருக்கு ஒரு சைக்கிள் மணிச் சத்தம்தான் உண்டு, பேச்சே கிடையாது. நீ அவருக்கு இரண்டு பெண்டாட்டி கட்டி வைத்தாய். ஊருக்கெல்லாம் பால் ஊற்றுகிறவர், வீட்டில் இருவருக்கும் வெறும் தேத்தண்ணி கொடுத்துச் சமாளிப்பார். மலையே சிரித்தது. மூத்தவள் கண்டுபிடித்தாளா என்று கங்காணியே அடுத்த வாரம் விசாரித்தார். அது ரேடியோவில் வந்ததில்லை என்று நமக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு அந்தப் பஞ்ச காலம் வந்தது. பாண் ரொட்டிக்கு வரிசை, கூப்பனுக்குக் கிடைத்த மாவும் குறைந்துபோனது, வாரத்தில் பாதி நாள் வேலையில்லை. ரேடியோ பெட்டரி தீர்ந்தது. கூரையில் வெயிலுக்கு வைத்து வைத்துப் பார்த்தோம், கொஞ்ச நாள் முனகிவிட்டு அடங்கிவிட்டது. கடைகளில் பெட்டரி இல்லை. வெளியே சொல்ல எனக்கு வெட்கம். திங்கட்கிழமை பெண்கள் வழக்கம்போல் கேட்டார்கள். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய், பிறகு கதையை எடுத்துவிட்டாய். அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தாய். கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஊமை ரேடியோவின் முன்னால் நாம் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அந்த மாதங்களில்தான் வேலைக்காரி பெரியவளானாள். நாடகத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. எது உடைந்தாலும் அவளைக் கூப்பிடுவார்கள். "இந்தா வாறேம்மா" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும், திட்டு விழும், அவ்வளவுதான். நீ அவளுக்கு முத்தம்மா என்று பெயர் வைத்தாய். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை என்றாய். சின்ன வயதில் அப்பாவே கொண்டுபோய் விட்டார் என்றாய். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. உனக்கு என்ன வந்துவிட்டது என்று எனக்கும் கோபம்தான்.

காரணம் பிறகுதான் சொன்னாய். கொழும்பில் ஒரு வீட்டுக்கு ராணியை வேலைக்கு அனுப்ப உன் வீட்டுக்காரர் கருப்பையா ஒரு தரகரிடம் ஒத்துக்கொண்டிருந்தார். மாத முடிவில் அந்த ஆள் வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு. கருப்பையா கெட்டவர் இல்லை. பிள்ளை மூன்று வேளையும் சாப்பிடும் என்று நினைத்தார். வேண்டாம் என்று நீ சொன்னதற்கு, "இங்க இருந்து மட்டும் என்னத்தத் திங்கப் போவுது?" என்று கேட்டாராம். வீட்டில் வாயை மூடிக்கொண்டாய், மலையில் திறந்தாய்.

ஒவ்வொரு திங்களும் முத்தம்மாவுக்கு ஒன்று நடந்தது. முடியை ஒட்ட வெட்டினார்கள். தீபாவளிக்கு விடவில்லை. கடைசியில் அவள் அப்பா பார்க்க வந்தார். பிள்ளை சந்தைக்குப் போயிருக்கிறாள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். அந்த நேரம் உள்ளே யாரோ கூப்பிட, "இந்தா வாறேம்மா" என்று குரல் கேட்டது. அப்பாவுக்கு மகளின் குரல் அடையாளம் தெரியவில்லை. திரும்பி நடந்தார். நீ இதைச் சொல்லி முடித்தபோது கொழுந்து பறிக்கிற ஒரு கைகூட அசையவில்லை, சரசு. நானும் கூடையை இறக்கி வைத்துவிட்டேன், பொய் என்று தெரிந்தும்.

பெண்கள் வீட்டுக்குப் போய்ப் புருஷன்மாரிடம் சொன்னார்கள். மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் ஆண்கள் அதையே பேசினார்கள். சாயங்காலம் கருப்பையா என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, அந்த முத்தம்மா கத நெசமாவே ரேடியோவுல சொன்னாங்களா?"

"ரேடியோவுல சொல்லாததயா சரசு சொல்லப் போறா?" என்றேன்.

மேல் லயத்துக்கு ஏறிப் போனார். அரசாங்கம் சொன்னதை நம்பாத ஆண்கள்கூட ரேடியோ சொன்னதை நம்பிய காலம் அது. தரகர் வந்தபோது, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அதன் பிறகாவது முத்தம்மாவை வீட்டுக்குக் கூட்டி வா என்று உன்னை எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்? "அவ நல்லபடியா திரும்பி வந்துட்டா, பாத்தியா ஒண்ணும் ஆகலன்னு இவரு ராணிய அனுப்பிடுவாருக்கா" என்றாய். ராணி பெரியவளாகிக் கொழுந்துக்கு வந்த பிறகும் உனக்கு நம்பிக்கை வரவில்லை. பிறகு நெஞ்சுவலி வந்தது, நீ போய்விட்டாய். முத்தம்மா அந்தக் கொழும்பு வீட்டுக் குசினி அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு என்ன முடிவு வைத்திருந்தாய்? ஒன்றாவது வைத்திருந்தாயா?

வரப்போகும் உன் வருஷத் திவசத்துக்கு நானே ஒரு முடிவு யோசித்து வைத்தேன். பதுளையில் பஸ் ஏறி, முத்தம்மா மழையில் தோட்டத்துச் சந்தியில் இறங்குகிறாள். படையல் முடிந்ததும் ராணியிடம் சொல்லலாம் என்று இருந்தேன்.

அதற்குள் ராணி முந்திக்கொண்டாள். கீழ் லயத்தில் பூங்கொடி என்று ஒரு பிள்ளை. அவளை வீட்டு வேலைக்குக் கேட்டு வேனில் ஒரு தரகர் வந்து போயிருக்கிறார். நேற்று மலையில் ராணி, பூங்கொடியின் அம்மா காதில் விழும்படி ஆரம்பித்தாள், அந்தக் காலத்தில் ரேடியோவில் ஒரு நாடகம் வந்தது என்று. உன் குரலேதான். அப்பா வாசலில் வந்து நிற்கும் இடத்தில் உன்னைவிட நன்றாக நிறுத்தினாள், கோபிக்காதே.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளைத் தனியாகப் பிடித்தேன். அது உன் அம்மா கட்டிய கதை, ரேடியோவில் வந்ததில்லை என்றேன்.

"தெரியும் பெரியம்மா. நானுந்தானே அந்த ஊமை ரேடியோவுக்கு முன்னாடி ஒக்காந்திருந்தேன்."

"அப்பாகிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நான் கொழும்புக்குப் போயிருப்பேனே."

அப்பா ஒவ்வொரு முறை முத்தம்மாவைப் பற்றி விசாரிக்கும்போதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு ஓடிவிடுவேன் என்றாள். அந்த வயதில் அந்தப் பிள்ளை அதைத் தனியாகச் சுமந்திருக்கிறது. உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அழக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை.

என் முடிவை அவளிடம் சொன்னேன். பஸ்ஸையும் மழையையும் பொறுமையாகக் கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்ப வேணாம் பெரியம்மா, பூங்கொடி அப்பா இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

அதனால் முத்தம்மாவை இன்னும் கூட்டி வரவில்லை. இத்தனை வருஷம் ஆன பிறகும் அந்த வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். நாளைக்குப் பூங்கொடியின் அம்மா என் முகத்தைப் பார்ப்பாள், நான் தலையாட்டுவேன். இந்தப் பிள்ளையும் வீட்டோடு இருக்கட்டும். அவளுக்குப் பிறகு வேறு பிள்ளைகளைக் கேட்டு வர ஆளில்லை என்று ஆகட்டும். அன்றைக்கு நானே வாய் திறந்து, மலை முழுவதும் கேட்க, முத்தம்மாவை அவள் அப்பா வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுகிறேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறக்காத அக்கா,
பாக்கியம்